கையுறை மாட்டிவிட்டவள்

கோல்கீப்பரின் கையுறையை வெந்நீரில் துவைக்கக் கூடாது. வெயிலில் காயப்போடவும் கூடாது. படித்தவர்களுக்கே இது தெரிவதில்லை. நீங்கள் முதல் நாள் என் அறைக்கு வந்தபோது, நிழலில் தொங்கிய ஜோடியைக் காட்டி, "இதை வெளியே போட்டா சீக்கிரம் காஞ்சிடுமே" என்றீர்கள். காயும். காய்ந்து, உள்ளங்கைப் பக்கத்து ரப்பர் மொறுமொறுவென்று ஆகி, மடக்கினால் வெடிக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. விசாரணை அதிகாரிக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நடந்தது புரிய வேண்டுமென்றால் கையுறையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தாக வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். யாரும் மிரட்டவில்லை, குரலை உயர்த்திக்கூடப் பேசவில்லை. நாற்காலிகூட ஆடாத நாற்காலியாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள். எனக்கும் எதையும் மறைக்கிற எண்ணம் இல்லை.

இந்தக் கால்பந்து கிளப்பின் சலவை அறையில் எனக்குப் பத்தொன்பது வருஷம். பார்வையாளர் மேடைக்கு அடியில், படிக்கட்டின் சரிவையே கூரையாகக் கொண்ட அறை அது. உள்ளே போனால் பாதித் தூரம் நிமிர்ந்து நடக்கலாம், மீதித் தூரம் குனிய வேண்டும். இரண்டு வாஷிங் மிஷின். பெரியதின் கதவை முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். ஆட்டம் நடக்கும்போது தலைக்கு மேல் இரண்டாயிரம் பேர் காலைத் தட்டுவார்கள், அலமாரியில் சோப்புத்தூள் டப்பா நகர்ந்துகொண்டே வரும். கிளப்பில் எல்லோருக்கும் நான் துணி அக்கா. தலைவர் முதல் வாசல் காவலாளி வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்பார்கள், நானும் ஒன்றும் சொல்வதில்லை.

என் தம்பி இந்த அணியின் கோல்கீப்பர். பன்னிரண்டு வருஷம் அவன்தான் முதல் கீப்பர். எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தது எல்லாம் நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, அதற்கு நேரம் வரவில்லை என்று சொல்லலாம். நீங்கள் இரக்கம் காட்ட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. அவன் எனக்கு என்ன என்று கேட்டீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

ஒரு கீப்பருக்கு மூன்று வகைக் கையுறை உண்டு. பயிற்சிக்கு ஒன்று, ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று. ஆட்டக் கையுறையை அதற்கு முன்னால் தொடவே மாட்டார்கள், பிடிப்பு தேய்ந்துவிடும் என்று. அதன் உள்ளங்கை ரப்பர் காய்ந்திருந்தால் பிடிக்காது. லேசான ஈரம் இருக்க வேண்டும். அதனால்தான் கீப்பர்கள் ஆட்டத்துக்கு நடுவில் கையில் துப்பிக்கொள்வதைப் பார்க்கிறீர்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் காரணத்தோடுதான் துப்புகிறார்கள்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். ஆட்டக் கையுறையைக் கீப்பர் தானாகப் போட்டுக்கொள்வதில்லை. நான் ஈரத்துண்டில் சுற்றி, மைதானத்துக்குப் போகிற நடைவழியில் கொண்டுபோய் நிற்பேன். கீப்பர் வந்து கையை நீட்டுவான். நான் மாட்டி, மணிக்கட்டுப் பட்டையை இழுத்து ஒட்டிவிடுவேன். என் தம்பியின் முதல் ஆட்டத்தில் அவன் விரல் பதற்றத்தில் பட்டையை ஒட்ட முடியாமல் தடுமாறினான், நான் ஒட்டிவிட்டேன். அன்றைக்கு ஒரு கோல்கூட விடவில்லை. அப்புறம் அதுவே ராசி ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒரு ஆட்டத்துக்கு நான் காய்ச்சலில் போகவில்லை. அன்று மூன்று கோல்.

போன வருஷம் லீக் தொடங்கிய அன்று, ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால், பயிற்சியாளர் ஒரு தாளை என் அறைக் கதவில் சொருகிவிட்டுப் போனார். பதினொரு பெயர். அதைப் பார்த்துத்தான் உடை மாற்றும் அறையில் ஜெர்சிகளை மாட்ட வேண்டும். எங்கள் லீகில் முதலில் இறங்குகிற கீப்பருக்கு ஒன்றாம் எண், வெளியே உட்காருகிறவனுக்குப் பன்னிரண்டு. ஒன்றாம் எண்ணுக்கு எதிரே தம்பி பெயர் இல்லை. ஜூனியர் அணியில் இருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையனின் பெயர் இருந்தது.

தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. இல்லை. ஒன்றாம் எண் ஜெர்சியை நான்தான் அந்தப் பையனின் கொக்கியில் மாட்டினேன். பன்னிரண்டை என் தம்பியின் கொக்கியில் மாட்டினேன். தோள் மடிப்பு விழாமல் நீவியும் விட்டேன், வேலையில் குறை வைக்க எனக்குத் தெரியாது. தம்பி வந்தான், கொக்கியைப் பார்த்தான், ஒரு நிமிஷம் நின்றான், சிரித்தான். சிரித்துவிட்டு உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் தைத்த மாதிரி இருந்தது.

அன்று நடைவழியில் அந்தப் பையன் என் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினான். "எனக்கும் போட்டு விடுங்கக்கா. ராசின்னு சொன்னாங்க" என்றான்.

மாட்டிவிட்டேன். வெறுப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை யார் மேலாவது கோபம் வந்திருக்கிறது, எரிச்சல் வந்திருக்கிறது. வெறுப்பு வேறு. வெறுப்பில் பரபரப்பே கிடையாது.

பையனைக் கூட்டம் பல்லி என்று கூப்பிட்டது. சுவரில் பல்லி ஒட்டுவதுபோல் பந்து அவன் கையில் ஒட்டும் என்பதால். நல்ல பையன்தான், அதை மறுக்கவில்லை. அழுக்குத் துணியைச் சுருட்டி எறியாமல் மடித்துக் கொண்டுவந்து கொடுக்கிற ஒரே ஆட்டக்காரன். முதல் ஒன்பது ஆட்டத்தில் ஐந்து கோல்தான் விட்டான். பத்திரிகையில் படம் வந்தது. என் தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவனுக்குக் கை தட்டினான். பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குத் தொடையில் போட்டுக்கொள்ள ஒரு கம்பளி கொடுப்போம், குளிருக்கு. என் தம்பிக்கு நானே அதைத் துவைத்து மடித்துக் கொடுத்தேன். கிழவனுக்குக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

யோசனை என்று நான் எதையும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. தற்செயலாக வந்தது. ஒருநாள் பல்லியின் பயிற்சிக் கையுறை ஒன்று துண்டுகளோடு சேர்ந்து மிஷினுக்குள் போய்விட்டது. துண்டு மெத்தென்று இருப்பதற்குக் கடைசி அலசலில் கண்டிஷனர் ஊற்றுவேன். எடுத்துக் காயவைத்துப் பார்த்தால் கையுறைக்கு ஒரு குறையும் இல்லை, முன்பைவிட மிருதுவாக இருந்தது. ஈரக் கையால் தொட்டபோதுதான் தெரிந்தது. விரல் நிற்கவே இல்லை. தண்ணீரை இன்னும் தெளித்தேன், இன்னும் வழுக்கியது. வழக்கமாக அப்படி ஒன்றைக் குப்பையில் போட்டிருப்பேன். அன்று போடவில்லை.

பல்லிக்கு ஒரே மாதிரி நான்கு ஜோடி ஆட்டக் கையுறை வாங்கியிருந்தார்கள். உள்பக்கம் மணிக்கட்டில் நான் எண் எழுதி வைப்பேன். மூன்றாவது, நான்காவது ஜோடிகளைக் கண்டிஷனரில் ஒரு நாள் ஊறப்போட்டேன். வாசனை போக நாலு நாள் ஆயிற்று. கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, ஜெர்சி, துண்டு எல்லாவற்றிலும் அதே வாசனைதான்.

பத்தாவது ஆட்டத்தில் மூன்றாம் எண் ஜோடியை மாட்டிவிட்டேன். இருபதாவது நிமிஷத்தில் தூரத்தில் இருந்து ஒருவன் சும்மா ஒரு உதை உதைத்தான். நேராக நெஞ்சுக்கு வந்த பந்து. பல்லி அதை அணைத்தான், பந்து அவன் கைக்குள் இருந்து நழுவி, காலுக்கு நடுவில் உருண்டு, உள்ளே போனது. கூட்டம் சிரித்தது. திட்டியிருந்தால்கூட நான் பயந்திருப்பேன், சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பல்லி செய்ததுதான் கீப்பர்கள் எல்லோரும் செய்கிற காரியம். பிடிப்பு போதவில்லை என்று தோன்றியதும் கையில் துப்பினான். பத்து நிமிஷம் கழித்துக் கோல் கம்பத்தின் ஓரம் இருந்த பாட்டிலை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். நனைக்க நனைக்க வழுக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கற்ற வித்தை எல்லாம் அவனுக்கு எதிராகத் திரும்பியது. நான் ஒருமுறை மாட்டிவிட்டதோடு சரி, மீதி வேலையை அவனே பார்த்துக்கொண்டான்.

ஆட்டம் முடிந்ததும் கையுறை என்னிடம்தான் வரும். மறுநாள் பயிற்சியாளர், "ஆட்டக் கிளவுஸைப் போட்டுட்டு வா, பாக்கலாம்" என்றபோது ஒன்றாம் எண் ஜோடியைக் கொடுத்தேன். ஐம்பது பந்து அடித்தார். ஐம்பதையும் பிடித்தான். பயிற்சியாளர் தன் நெற்றியைத் தட்டிக் காட்டி, "கோளாறு கையில இல்லப்பா, இங்க இருக்கு" என்றார்.

இப்படி மூன்றாவது ஆட்டத்தில், இடைவேளையில் ஓடி வந்து, "வேற ஜோடி குடுங்கக்கா, மாத்திப் பாக்கறேன்" என்றான். நான்காம் எண்ணைக் கொடுத்தேன். அதிலும் இரண்டு கோல். அதற்குப் பிறகு அவன் கையுறையைச் சந்தேகப்படவே இல்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டான்.

அப்புறம் அவன் என் அறைக்கு வந்து உட்கார ஆரம்பித்தான். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்காருவான். நரம்பு டாக்டரிடம் போனதைச் சொல்வான். கிளப் ஏற்பாடு செய்த ஆலோசகர் கண்ணை மூடிக் கடலை நினைக்கச் சொன்னதைச் சொல்வான். "கடலை நெனச்சா அதுவும் கையிலேருந்து வழியுதுக்கா" என்பான். எனக்கே ஒருமுறை சிரிப்பு வந்தது. ஒருநாள் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டி, "நல்லாப் பாருங்கக்கா, நடுங்குதா?" என்று கேட்டான்.

நான் அவன் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். கல் மாதிரி நிலையாக இருந்தன. "லேசா" என்றேன். அன்றிலிருந்து நடுங்க ஆரம்பித்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பையனை மாற்றணுமா, வேண்டாமா. சலூனில் அதே பேச்சு, பஸ் நிறுத்தத்தில் அதே பேச்சு. பல்லியின் அம்மா பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். வரிசையில் நிற்பவர்கள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் அவள் மகனைக் கிழித்துக்கொண்டிருப்பார்கள், அவள் அந்தப் பக்கம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். மைதானத்தில் பந்து அவனிடம் வரும்போதெல்லாம் மேடை முழுக்க நாக்கைத் தட்ட ஆரம்பித்தார்கள், பல்லி கத்துகிற மாதிரி. இரண்டாயிரம் நாக்கு ஒன்றாகத் தட்டினால் எப்படி இருக்கும் என்று என் அறைக்குள் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். அவன் அம்மா மூன்றாவது வரிசையில் உட்காருவாள். பந்து நழுவ ஆரம்பித்த நாலாவது ஆட்டத்தோடு வருவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது தம்பி சொன்னதைப் பற்றி எழுத வேண்டும். நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அந்த மூன்றாவது ஆட்டம் முடிந்த வாரம், நான் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"பல்லி பாவம்க்கா. என்ன ஆச்சுன்னே தெரியல" என்றான் தம்பி.

"அவன் போனா உனக்குத்தானே இடம்" என்றேன்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "எனக்கு அந்த இடம் வேண்டாம்க்கா. தோள்பட்டை போயி ரெண்டு வருஷம் ஆச்சு, ஊசி போட்டுட்டுதான் எறங்கிட்டிருந்தேன். நானேதான் கோச்கிட்டப் போயி அந்தப் பையனைப் போடுங்கன்னு சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விடுவியா? அன்னிக்குக் கொக்கியில பன்னெண்டைப் பார்த்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. சிரிச்சேனே, நீ பாக்கலையா?"

பார்த்தேன் என்று சொன்னேன். ரசம் ஊற்றினேன். மானம் உள்ளவன் இப்படித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். துரத்தியவர்களைக் காட்டிக்கொடுக்காமல், நானாகத்தான் வெளியே வந்தேன் என்பான். சின்ன வயதிலும் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வந்து, கீழே விழுந்துட்டேன் என்றுதான் சொல்வான். நான் வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியாதா? பயிற்சியாளரிடம் கேட்டிருக்கலாமே என்றீர்கள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கையுறையை மாற்றி ஆறு ஆட்டம் ஆயிற்று. பதினாறு கோல். நிர்வாகக் குழு ஒரு சாயங்காலம் கூடியது. ஏழு பேர், பயிற்சியாளரோடு எட்டு. மேஜை விரிப்பு மாற்ற என்னைக் கூப்பிட்டார்கள், தலைவர் எப்போதும் அதில் எதையாவது கொட்டிவிடுவார். நான் விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோதும் பேச்சு நிற்கவில்லை. மூன்று பேர் பையனை மாற்று என்றார்கள், மூன்று பேர் இன்னும் ஒரு வாய்ப்புக் கொடு என்றார்கள். பயிற்சியாளருக்கு ஓட்டு கிடையாது. அவர், "இப்ப வெளிய உக்கார வெச்சா கொஞ்ச நாள்ல தேறிடுவான். அடுத்த வருஷம் பழைய பையனா வருவான். எனக்கு அதுதான் நல்லதுன்னு படுது. அதுவரைக்கும் பெரியவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடட்டும்" என்றார். பெரியவன் என்றது என் தம்பியை.

ஏழாவது ஓட்டு தலைவருடையது. அவர் என்னைப் பார்த்தார். "துணி அக்கா, பையன் உன் ரூம்லதானே கெடக்கறான். நீ சொல்லு. மாத்தணுமா?"

ஒருவர், "அவங்க தம்பிக்குத்தானே பேசுவாங்க" என்று சிரித்தார்.

இங்கே நீங்கள் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டைப் படித்துவிட்டு, இந்த அம்மா அந்தப் பையனுக்காகத்தானே பேசியிருக்கிறாள், இவள் ஏன் அவனுக்குக் கெடுதல் செய்யப் போகிறாள் என்று உங்கள் உதவியாளரிடம் சொன்னீர்கள். அது என் காதில் விழுந்தது. பேசாமல் இருந்திருந்தால் ஒருவேளை அப்படியே போயிருக்கும். ஆனால் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நான் சொன்னது இதுதான்: "மாத்தாதீங்க. இப்ப மாத்தினா பையன் மனசு ஒடஞ்சுடும். என் தம்பி வெளிய இருந்துக்குவான், அவனுக்கு ஒண்ணும் இல்ல. இவன் ஆடட்டும்."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனசா என்றார். நாலுக்கு மூன்று. பையன் அடுத்த ஆட்டத்திலும் இறங்குவான் என்று முடிவாயிற்று.

ஏன் அப்படிச் சொன்னேன்? மாற்றினால் என்ன ஆகும் என்று பயிற்சியாளரே சொல்லிவிட்டாரே. பெஞ்சில் உட்காருவான். தொடையில் கம்பளி போட்டுக்கொள்வான். எல்லோரும் முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். அடுத்த வருஷம் திரும்பி வருவான். அவனுக்குப் பத்தொன்பது வயது, அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கிறது. என் தம்பிக்கு முப்பத்துமூன்று. அவன் வெளியே உட்கார்ந்ததும் இவன் வெளியே உட்காருவதும் ஒன்றா? மாற்றினால் எனக்குப் போதாது. இனி எந்தக் கிளப்பும் இந்தப் பையனைக் கூப்பிடக் கூடாது, அவனே பந்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு இன்னும் ஒரு ஆட்டம் தேவைப்பட்டது. கீழே வந்து மூன்றாம் எண் ஜோடியை மறுபடி ஊறப்போட்டேன். இந்த முறை மூன்று நாள்.

ஏழாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. லேசாகத் தூறல் இருந்தது. நடைவழியில் அவன் கையை நீட்டியபோது விரல்கள் தனித்தனியாக ஆடின. "நீங்க சொல்லித்தான் எனக்கு இந்த சான்ஸ் குடுத்தாங்களாமே. மறக்கவே மாட்டேன்க்கா" என்றான். குனிந்து என் காலைத் தொடப் போனான். கையுறை அழுக்காகிவிடும் என்று தடுத்தேன்.

அறுபதாவது நிமிஷம் வரைக்கும் கோல் இல்லை. அவன் பிடிக்கவே முயலாமல் எல்லாவற்றையும் குத்தி வெளியே தள்ளினான். புத்திசாலிதான். கூட்டம் நாக்குத் தட்டுவதை நிறுத்தியிருந்தது, அங்கங்கே கைதட்டல்கூடக் கேட்டது. அப்புறம் ஒரு உயரமான பந்து, குத்த முடியாத உயரத்தில் இருந்து மெதுவாக இறங்கி வந்தது. பிடித்தாக வேண்டிய பந்து. பிடித்தான். இரண்டு கையிலும் பந்தை வைத்துக்கொண்டு அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நடைவழி முனையில் நின்று நான் பார்த்தேன். பந்து நழுவிக் காலடியில் விழுந்தது. அவன் விடவில்லை, தலைகுப்புற அதன் மேல் பாய்ந்தான். எதிர் அணிக்காரன் உதைக்கக் காலை வீசிவிட்டிருந்தான். அந்த ஆளையும் குறை சொல்ல முடியாது, அவன் பந்தைத்தான் உதைத்தான்.

சத்தம் எனக்குக் கேட்டது. தலைக்கு மேல் இரண்டாயிரம் பேரும் அசையவில்லை. அலமாரியில் ஒரு டப்பாகூட நகர்ந்திருக்காது.

கன்னத்து எலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் தெரியுமாம், ஆள் தெரியாதாம். இது மட்டும் நான் எதிர்பார்க்காதது என்று உங்களிடம் முன்பு சொன்னேன். உண்மைதான், இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் போன பிறகு என் அறைக்கு வந்து உட்கார்ந்தபோது, ஏழு வாரத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டேன். இதையும் எழுத வேண்டுமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். எப்போதும் கையுறை என்னிடம் திரும்பி வரும். அன்று அது அவன் கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அங்கே கழற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அவன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் அவள் என் அறைக்கு வந்தாள். டிப்போ சீருடையிலேயே வந்திருந்தாள். பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். "அக்கா, இதுல ரத்தம் காஞ்சு போயிருக்கு. அவன் இதை வெச்சுக்கணும்னு சொல்றான். எப்படித் தொவைக்கறதுன்னு தெரியல. உங்களுக்குத்தான் தெரியும்னு அவனே அனுப்பினான்" என்றாள்.

நான் வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கி, ஒன்றாம் எண் ஜோடியைத் துவைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "நானே தொவைக்கறேன்க்கா. எப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். தாய் இல்லையா, பிள்ளையின் ரத்தத்தை இன்னொருத்தி துவைக்க விடமாட்டாள்.

பச்சைத் தண்ணீரில், கொஞ்சம் உப்புப் போட்டு, தேய்க்காமல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும் என்று சொன்னேன். சரியான முறைதான் அது. அவள் குழாயைத் திறந்தாள். கையுறையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு, ஒன்றோடு ஒன்றை அழுத்தினாள். கைகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கிப் பிரிந்தன. மறுபடி அழுத்தினாள். நுரை வந்தது. ரத்தம் கரைந்து, அதற்கு மேல் வெள்ளையாக நுரை வந்தது.

"என்னக்கா இது" என்றாள் மெதுவாக. "சோப்பே போடலையே."

அவள் ஓரத்தில் இருந்த பந்தை எடுத்தாள். பயிற்சிக்குப் போய் வந்த பந்து ஒன்று எப்போதும் என் அறையில் கிடக்கும். இரண்டு கையாலும் பிடித்தாள். விழுந்தது. எடுத்தாள், விழுந்தது. மூன்றாவது முறை குனியவில்லை. அலமாரியில் வரிசையாக நின்ற கண்டிஷனர் கேன்களைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றாமலே வெளியே போனாள். அப்படியே நடந்துதான் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறாள்.

ஆகவே, ஆம். மூன்றாம் எண், நான்காம் எண் கையுறைகளைக் கெடுத்தது நான். ஏழு ஆட்டங்களில் தெரிந்தே மாட்டிவிட்டது நான். கை நிலையாக இருந்தபோது நடுங்குகிறது என்று சொன்னது நான். மாற்ற இருந்தவர்களை மாற்றாதீர்கள் என்று தடுத்ததும் நான். பையனை மாற்றலாமா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, அன்று அந்த அறையில் சரியான பதில் பயிற்சியாளரிடம் இருந்தது. அது எனக்கும் தெரிந்திருந்தது. இதில் என் தம்பிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த ஆட்டத்துக்கு அவனுக்குத்தான் ஒன்றாம் எண் கொடுத்தார்கள். அவன் இறங்கவில்லை. விளையாட்டையே விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல்லியின் கட்டிலருகே உட்கார்ந்து, பத்திரிகை படித்துக் காட்டுகிறானாம். சாப்பாடு ஊட்டிவிடுகிறானாம். நேற்று இங்கே வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "உன்கிட்ட யாருக்கா கேட்டா?" என்று மட்டும் கேட்டான். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். இனி வரமாட்டேன் என்று காவலரிடம் சொல்லிவிட்டுப் போனானாம். சின்ன வயதில் இருந்தே அவனுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், நாலு நாள் பேசமாட்டான். தணிந்ததும் வருவான். அவனுக்காக யார் இவ்வளவு செய்தார்கள் என்று புரிந்து எனக்கு நன்றி சொல்ல அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.